ஐஸ் வாங்காத படகு

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
கரைகிற சரக்கை விற்று
நாற்பத்தியொரு வருசமாகக் கரையாமல் இருக்கிறது
எங்கள் கம்பனி.

நான் கணக்கு.
அமோனியா, உப்பு, கரண்ட் பில்,
கட்டியை மூட உமி,
ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளம்,
எல்லாவற்றுக்கும் பேரேட்டில் பக்கம் உண்டு.

மூன்று வருசமாக விற்பனை அசையவில்லை.
கட்டியைச் சிறிதாக்கினோம்.
கட்டியைப் பெரிதாக்கினோம்.
எதிர்க்கரைக் கம்பனி இரண்டு ரூபாய் குறைத்தது,
நாங்கள் மூன்று.
அவன் உடைத்துக் கொடுத்தான்,
நாங்கள் உடைத்து ஏற்றியும் கொடுத்தோம்.
வருசக் கடைசியில் பார்த்தால்
இரண்டு பேரும் அதே இடத்தில்
மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம்.

மறுகா ஒருநாள்
கடன் கட்ட வந்த படகுக்காரர் லெவ்வைத்தம்பி
மேசையில் காசை வைத்துவிட்டுச் சொன்னார்:
"உங்கட ஐஸில பாதி எனக்கு, பாதி கடலுக்கு.
கடலுக்கும் நான்தானே பில் கட்டுறன்?"
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
பூபாலரெத்தினம் முதலாளி சிரித்தார்.

அன்றிரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் எடுத்தார்.
"பிள்ளை, படகுக்குள்ளயே கடல் தண்ணியில ஐஸ் செய்தா
நமக்கு என்ன நடக்கும்?"
"கம்பனியப் பூட்டலாம்" என்றேன்.
"அத வேற ஆள் செய்தா?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் வீட்டு மின்விசிறி
சுற்றுவது மட்டும் கேட்டது.

பழைய உமிக் கொட்டிலுக்குப் புதுப் பூட்டு வந்தது.
மொறட்டுவையில் படித்த கேதாரணியும்
வெல்டிங் பொடியன்கள் இரண்டு பேரும் உள்ளே.
மெஷின் ரூம் போர்மன் ஞானசீலன்
அந்தப் பக்கம் முகம் திருப்புவதில்லை.
"நாங்க உழைக்கிறம், அது தின்னுது" என்பார்.
பொய்யில்லை.
கட்டி ஐஸ் லாபத்தில்
கட்டி ஐஸுக்குக் குழிவெட்ட
மாதாமாதம் நான்தான் கூலி கொடுத்தேன்.
எந்தப் பக்கத்தில் எழுதுவது?
இப்படி ஒரு செலவு வரும் என்று
பேரேடு அச்சடித்தவனுக்குத் தோன்றவில்லை.
"தொட்டி திருத்தம்" என்று எழுதினேன்.
அந்த வருசம் எங்கள் தொட்டி
பதினேழு தடவை திருந்தியது.

முதல் பயணத்தில் நாலாம் நாளே மெஷின் நின்றது.
லெவ்வைத்தம்பியின் சூரையும் அறக்குளாவும்
படகுக்கு முன்னால் மணத்துக்கொண்டு வந்தன.
கருவாட்டுக்காரர்களே மூக்கைப் பொத்திய மீனுக்கு
கம்பனி முதல்தர விலை கொடுத்தது.

இரண்டாவதில் ஒன்பது நாள்.
உப்பு குழாயைத் தின்றுவிட்டது.
கேதாரணி அழுதாளா தெரியாது,
கொட்டில் கதவு பூட்டியிருந்தது.
காலையில் புது உலோகக் குழாய்க்கு
ஒரு பில் என் மேசையில் கிடந்தது,
சைபர்களை இரண்டு தரம் எண்ணிப் பார்த்த பில்.
அன்றைக்குத்தான் ஞானசீலன்
தன் பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு
கொட்டிலுக்குப் போனார்.
திட்டிக்கொண்டேதான் போனார்.

போன கிழமை
இருபத்திரண்டு நாள் கடலில் கிடந்து வந்த படகில்
மீனின் கண் கண்ணாகவே இருந்தது.
பொடியன்கள் அள்ளிக் காட்டினார்கள்.
"ஐஸ் கஞ்சி" என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இன்று டீசல் அடித்து, அரிசி மூட்டை ஏற்றி
எங்கள் ஜெட்டியைத் தாண்டிப் போனது அதே படகு.
ஐஸுக்கு நிற்கவில்லை.
முதலாளி கை காட்டினார்.
லெவ்வைத்தம்பியும் கை காட்டினார்.
வாடிக்கைக்காரன் வாங்காமல் போனதற்கு
கம்பனிக் காசில்
எல்லோருக்கும் பிளேன்டீயும் ரோல்ஸும்.

உள்ளே பழைய கம்பிரசர் அதிர்ந்துகொண்டிருக்கிறது.
நாளைக்கு அறுபது படகுக்குக் கட்டி வேண்டும்.
எண்ணெய் மாற்ற ஞானசீலன் காசு கேட்டார்,
கையெழுத்து வைத்தேன்.
பிறகு லெவ்வைத்தம்பியின் பக்கத்தைத் திறந்து
திகதி போட்டு
"ஐஸ் இல்லை" என்று எழுதி
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கிறேன்.
வரவா, செலவா,
இல்லை, இதுவும்
தொட்டி திருத்தமா.